காட்டர் பின்னுக்கு விழுந்த பாதி அடி

காலை ஏழு மணி பத்து நிமிடம். நகரியில் என் சைக்கிள் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு இடது பெடல். கரும்பச்சை லேடீஸ் சைக்கிள். பெடலைத் தாங்கும் கிராங்க் உள்பக்கமாக வளைந்து, பின்சக்கரத்துக்குப் போகும் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழாயில் பிறை வடிவத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. காயம் புதியது. துரு இன்னும் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்தேன். எஸ்தர் டீச்சர்.

போன வாரம் நீங்கள் நாலு பேரும் திருப்பதி பட்டறையிலிருந்து என் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்விக்கு அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். எழுபது வருஷத்து வண்டி, கிராங்க்கின் காட்டர் பின் அசையவில்லை, என்ன செய்வது என்று கேட்டீர்கள். நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள், மரை முனைக்குச் சமமாக நிறுத்துங்கள். எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்பு முட்டுக் கொடுங்கள். பிரஸ் இருந்தால் பிரஸ், இல்லாவிட்டால் சுத்தியல். இவ்வளவுதான் முறை. உங்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. நீங்கள் கேட்காமல் விட்டது, எப்போது அடிப்பது, எப்போது அடிக்காமல் இருப்பது என்பது. நகரியில் ஆறு வருஷம், சித்தூரில் பத்து வருஷம், திருப்பதியில் முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் நகரியில் நடந்தது. அன்று சொல்லவில்லை. எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம்.

அது எல்லை முடிவான காலம். ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா மொத்தமும் இந்தப் பக்கம் வந்தது. பிறகு பல வருஷம் வழக்கும் ஊர்வலமும் நடந்து, திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று தீர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. நான் கடையோடு சேர்த்து ஒரு மெட்ராஸ் பத்திரிகைக்கு உள்ளூர் செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊர்வலம், கல்வீச்சு, மனு, யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார். அதனால் ஊரில் எனக்கு ரிப்போர்ட்டர் என்று பெயர். சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எஸ்தர் டீச்சர் மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுத்தார். பழைய மிஷன் சபைக் குடும்பம். அந்தப் பச்சை சைக்கிள் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவருடைய தாயாருக்குக் கொடுத்தது. டீச்சர் சனிக்கிழமைகளில் செயினுக்கு எண்ணெய் போட வருவார். கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் தபாலில் போடவிருந்த செய்தியை எடுத்துப் படிப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும்.

"'ஜனங்கள் ஆத்திரத்துடன் கலைந்து சென்றனர்'னு எழுதிக்கீறீங்க. ஆத்திரத்த நீங்க பாத்தீங்களா?"

"மூஞ்சில தெரிஞ்சிது டீச்சர்."

"மூஞ்சி இன்னா பண்ணிச்சி, அத எழுதுங்க. இல்லன்னா கலைஞ்சி போனாங்க, அதோட வுடுங்க."

ஆத்திரத்துடன் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு விழும். பத்திரிகைக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். மிச்சம் அந்தப் பென்சில் கற்றுக்கொடுத்தது. இப்படி இரண்டு வருஷம் போயிற்று. இதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. இதைத் தவிர வேறு எதற்கும் நான் வாரம் முழுக்கக் காத்திருந்ததும் இல்லை.

அன்று சனிக்கிழமை இல்லை. அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"நேத்து சாயந்தரம் மதகு கல்லுல மோதிட்டேன். எருமை குறுக்க வந்துடுச்சி. எனக்கு ஒண்ணும் ஆகல, எருமைக்கும் ஒண்ணும் ஆகல. இதுக்குத்தான் கால் ஒடிஞ்சிடுச்சி."

"எப்ப வேணும் டீச்சர்?"

"இன்னைக்கே வேணும். புத்தூர் ஆபீஸ்ல அஞ்சு மணிக்குள்ள ஒரு பேப்பர் குடுக்கணும். ஆப்ஷன்."

அந்தச் சொல்லை நான் இரண்டு நாள் முன்புதான் செய்தியில் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்து வேலையில் இருப்பவர்களில் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போக விரும்புகிறவர்கள், நேரில் வந்து எழுதிக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் வந்தால் செல்லாது. கொடுக்காதவர்கள் இருக்கும் இடத்திலேயே இருப்பார்கள். அன்று கடைசி நாள். டீச்சரின் அண்ணன் திருத்தணியில் வேலையாக இருந்தார். தாயாரும் அங்கே போய்விட்டார். பேப்பரை அண்ணனே தன் கையால் எழுதி அனுப்பியிருந்தார். டீச்சர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. புத்தூர் நகரியிலிருந்து பத்து மைல்.

வண்டியை வேலை ஸ்டாண்டில் ஏற்றினேன். வளைந்த கிராங்க்கைக் கழற்றி, பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, மாட்ட வேண்டும். அதற்குக் காட்டர் பின் வெளியே வர வேண்டும். கிராங்க்கையும் நடு அச்சையும் சேர்த்துக் கவ்விப் பிடித்திருக்கும், விரல் நீளம்கூட இல்லாத ஆப்பு அது. வெள்ளைக்கார அம்மாள் காலத்திலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. நட்டைத் தளர்த்தி, சுத்தியலின் முனையால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். சத்தம் கெட்டியாக இருந்தது, ஆனால் முழுக் கெட்டி இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கொஞ்சம் மண்ணெண்ணெய், அரைமணி நேரம், அடியில் முட்டு, ஒரு முழு அடி. வந்துவிடும். எட்டு மணிக்குள் வந்துவிடும்.

"பிடிச்சிக்கினு கீது டீச்சர். ஊறணும்" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"பாக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய பத்திரிகையை விரித்தார். நான் மண்ணெண்ணெய் விட்டேன். அரைமணி ஆனது. ஒரு மணி ஆனது. இன்னும் கொஞ்சம் விட்டேன். மற்ற வேலைகளைப் பார்த்தேன். அன்றைக்கு என் கடையில் ஒட்டிய பஞ்சர்கள் எல்லாம் நல்ல பஞ்சர்கள்.

ஒன்பது மணிக்கு மேல் கட்டுக்காரர் வந்தார். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டும் ஒரு வீட்டில் வேலை பார்த்தவர். கட்டுத் துணி வாங்க மாசத்துக்கு ஒரு தடவை நகரி தறிக்காரர்களிடம் வருவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். வாயில் தமிழும் தெலுங்கும் ஒன்றாக வரும். பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. பஞ்சர் ஒட்டும்வரை ஸ்டாண்டில் இருந்த பச்சை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏமி ரிப்போர்ட்டரு, இது இன்னா கேஸு?"

"கிராங்க் வளைஞ்சி போச்சி. பின் வர மாட்டேங்குது. ஊற வெச்சிக்கீறேன்."

"புளியா ஊற வெக்கிறதுக்கு? எங்க வீட்டுக்கு இட்டாந்திருந்தா இந்நேரம் முட்டைப் பத்து போட்டு கட்டி நடக்க வுட்டிருப்போம்." டீச்சரைப் பார்த்து, "அம்மா, நீங்களும் ஊறிக்கினுதான் கீறீங்களா?" என்றார்.

"காலைலேர்ந்து" என்றார் டீச்சர், பத்திரிகையிலிருந்து கண் எடுக்காமல்.

"பஜார் முக்குல இன்னொருத்தன் கடை வெச்சிக்கீறான். ஒரு பைப்ப சொருவி, ஒரே இழுப்பு. பத்து நிமிஷம்."

"இழுத்தா கிராங்க் நிமிரும், நடு அச்சு வளைஞ்சிடும். இந்த அச்சுக்கு மாத்து கெடைக்காது" என்றேன்.

சொன்ன காரணம் உண்மை. அதை அவ்வளவு வேகமாகச் சொன்னதற்குக் காரணம் வேறு. கட்டுக்காரர் கேலியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். சுத்தியலை எடுத்து, வைத்து, எடுத்துக்கொண்டிருந்தேன்.

"தோ பாரு. கை எலும்ப இழுக்க சொல்ல, வலிக்குமேன்னு நான் பாதியில கைய வுட்டேன்னு வெச்சிக்கோ, அது அப்டியே கோணலா கூடிக்கும். அப்புறம் ஒடச்சித்தான் சரி பண்ணணும். இழுக்கறதுன்னா இழுக்கணும். மனசு இல்லன்னா தொடவே கூடாது. நானு சொல்றது எலும்பு சங்கதி, உன் இரும்பு சங்கதி நாக்கு தெலியது, எனக்கு தெரியாது." துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டரைக்குப் புத்தூர் பஸ் வந்தது. என் கடைக்கு எதிரே நின்றது. உள்ளே உட்கார இடம் இருந்தது. ஜன்னல் ஓரத்திலேயே மூன்று இடம். இரண்டு பேர் ஏறினார்கள், ஒருவர் இறங்கினார். கண்டக்டர் எங்கள் பக்கம் பார்த்து, "புத்தூர், புத்தூர்" என்று கூவினார். ஐந்து மணிக்கு முன் புத்தூர் போய்ச் சேரும் பஸ் அதற்குப் பிறகு கிடையாது. டீச்சருக்கு அது தெரியும். அவர் பத்திரிகையில் ஒரு பக்கம் திருப்பினார். பஸ் போனது.

இவ்வளவும் பார்த்தேன். செய்தியாக எழுதச் சொல்லியிருந்தால் ஒரு தப்பு இல்லாமல் எழுதியிருப்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் என் தலையில் ஏறவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: பஸ் போய்விட்டது, இனி இவர் போவதும் போகாததும் என் கையில். அந்த எண்ணம் வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் சுத்தியலை எடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முட்டுக் கொடுத்தேன். நட்டைச் சரியான இடத்தில் நிறுத்தினேன். முறையில் ஒரு குறையும் இல்லை. கையை ஓங்கினேன். பின் வந்துவிட்டால் மூன்று மணிக்கெல்லாம் அவர் புத்தூரில் இருப்பார் என்ற கணக்கு, கை கீழே வரும்போது குறுக்கே வந்தது. சுத்தியல் வேகத்தைப் பாதி வழியில் விட்டுவிட்டது. பாதி அடி, அதுவும் கொஞ்சம் சாய்வாக. பின் உள்ளே ஒரு நூல்கூட நகரவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரைப் பகுதி ஒரு பக்கமாகத் தலை சாய்ந்தது.

வளைந்த பின்னை இனி அடித்து எடுக்க முடியாது. உங்களுக்கு இது தெரியும். முழு அடிக்கு வராத பின் என்றால் நஷ்டம் இல்லை, இன்னும் ஊற வைக்கலாம், சூடு காட்டலாம். பாதி அடி வாங்கிய பின்னுக்கு ஒரே வழி, தலையை அறுத்துவிட்டு நடுவில் துளை போட்டுக் குடைந்து எடுப்பது. கை டிரில்லில் குறைந்தது இரண்டு மணி நேரம்.

சத்தம் கேட்டு டீச்சர் எழுந்து வந்தார். பின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது காலைல எட்டு மணிக்கே கழண்டிருக்கும்" என்றேன்.

"தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா இந்தக் கடைல உக்காந்துக்கினு கீறேன். நீங்க ஒரு பின்னுக்கு அரைமணிக்கு மேல எண்ணெய் வுட்டு நான் பாத்ததில்ல."

"அப்பறம் ஏன் பஸ்ல ஏறல?"

புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். "ஏறல" என்றார். பிறகு, "வண்டி ரெடியாவலன்னு அம்மாவுக்கு லெட்டர் எழுதிடலாம்னு பாத்தேன். பொய்யும் இல்ல பாருங்க, அது."

தெருவில் ஒரு வண்டிக்காரன் மாட்டை அதட்டிக்கொண்டு போனான். டீச்சர் வளைந்த பின்னை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கழட்டுங்க ரிப்போர்ட்டரே" என்றார். குரலில் சிவப்புப் பென்சிலின் கண்டிப்பு. "துருப்புடிச்ச ஒரு பின்னு சொல்லிச்சின்னு நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன். இருன்னு சொல்றதுன்னா மனுஷன் வாயத் தொறந்து சொல்லட்டும். போறதுன்னா நான் என் கால்ல மிதிச்சிப் போறேன்."

"துளை போடணும். மூணு மணி ஆயிடும்."

"ஆவட்டும். மூணரைக்கு மிதிச்சா அஞ்சுக்குள்ள போயிடுவேன். நான் இங்கதான் கீறேன்."

இந்தத் தடவை பெஞ்சுக்குப் போகவில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். மரைப் பகுதியை அறுத்தேன். நடுவில் புள்ளி குத்தினேன். சின்ன டிரில்லில் ஆரம்பித்தேன். முனை வழுக்கிப் போகாமல் இருக்க இரண்டாவது கை தேவைப்பட்டது. அவர் கிராங்க்கைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களில் மண்ணெண்ணெயும் இரும்புத் தூளும் ஒட்டின. ஒரு மணி. ஒன்றரை. அடுத்த அளவு டிரில். அவர் அவ்வப்போது ஊதித் தூளை அகற்றினார். ஒரு தடவை, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் இல்ல" என்றார். பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். என் கை அவர் கையைவிட அழுக்காக இருந்ததால் அவரே உரித்துக் கொடுத்தார். இரண்டு மணி. இரண்டரை.

'வாயத் தொறந்து சொல்லட்டும்' என்று அவர் சொன்ன வாக்கியத்தை நான் சரியாகவே கேட்டிருந்தேன். இரண்டு மணி நேரமும் அது என் காதில் இருந்தது. பதிலாக ஒரு சொல் போதும். அவர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட வேண்டிய அவசியமே இல்லாத சொல். நான் டிரில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய தாயார் என்ன சொல்வார், சபையில் என்ன சொல்வார்கள், என் வீட்டில் என்ன சொல்வார்கள், தமிழ் வகுப்பு இந்த ஊரில் இன்னும் எத்தனை வருஷம் நடக்கும், என் கடையை நம்பி ஒருவரை இருக்கச் சொல்லலாமா. இவை எல்லாம் நியாயமான கேள்விகள். காலையில் பைப்பைச் சொருகாததற்கு நான் சொன்ன காரணத்தைப் போல.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்னில் மிச்சம் இருந்தது வெறும் ஓடு. முட்டுக் கொடுத்தேன். பின்னைத் தள்ளும் இரும்புத் துரப்பை வைத்தேன். இந்த முறை கை நடுவில் நிற்கவில்லை. ஒரே அடி. பின் இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. கிராங்க் கையோடு வந்தது. கல்லில் வைத்து நிமிர்த்தி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். புதுப் பின்னை அரம் போட்டு உட்கார வைத்தேன். பெடல் குழாயைத் தொடாமல் சுற்றியது. உரிந்த இடத்தில் கொஞ்சம் கருப்பு பெயிண்ட் தடவினேன். பச்சை என்னிடம் இல்லை.

டீச்சர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து, நனையாமல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தார். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு இடது பெடலைக் காலால் மூன்று தடவை சுற்றிப் பார்த்தார்.

"நல்லா சுத்துது" என்றார்.

"பத்து மைலுக்கு அப்பறம் நட்ட ஒருக்கா முறுக்கணும். புதுப் பின்னு எறங்கும்" என்றேன்.

"அங்க யாராச்சும் முறுக்குவாங்க இல்ல?"

"முறுக்குவாங்க."

அவர் ஏறவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த நாளில் நான் நேரம் குறிக்காமல் விட்டது அது ஒன்றுதான். பிறகு, "வரேன் ரிப்போர்ட்டரே" என்று சொல்லி மிதித்துக்கொண்டு போனார். மூன்று மணி முப்பத்தைந்து. ரயில்வே கேட் திருப்பம்வரை நேராக மிதித்தார்.

உங்கள் நாலு பேருக்கும் நான் சொல்ல வந்தது இதுதான். பின் கழலவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது, கழலவில்லையா, கழற்ற மனமில்லையா என்று உங்களையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் சுத்தியலைத் தொடாதீர்கள். சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அடியுங்கள், அல்லது அடிக்காமல் விடுங்கள். வேலை தெரியாமல் நான் கெடுத்த கிராங்க்குகள் சில உண்டு, அவற்றை மறந்துவிட்டேன். இது வேலை தெரிந்து கெடுத்தது.

இரண்டு நாள் கழித்துச் செய்திக்காகப் புத்தூர் ஆபீஸுக்குப் போனேன். எழுதிக் கொடுத்தவர்களின் பட்டியல் மேஜைமேல் விரித்தே கிடந்தது. குமாஸ்தா, "பேர்லு காவாலா?" என்று தெலுங்கில், பெயர்கள் வேண்டுமா என்று கேட்டார். எண்ணிக்கை போதும் என்று சொல்லி, அதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். மூன்று வரிச் செய்தியாகப் பத்திரிகையில் வந்தது.

ஜூன் மாதம் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் திறந்தது. தமிழ் வகுப்புக்குக் கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார்.